வாழையிலைக் கடை வாய்ச்சத்தங்கள்

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர்களுக்குக் கால் வலி தைலத்தோடு போய்விடும். காதில் விழுந்த சத்தம்தான் வீடு வரை கூட வரும். என்னைப்போல் சாம்பார் வாளி தூக்குகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போய், மலேசியாவின் கோலசிலாங்கூரில் இந்தக் கடைக்கு வந்தேன். முதலாளி தேவகியக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்பேன், சுமதி. ஒனக்கு வாய் நீளம்னு கேள்விப்பட்டேன்." வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

ஏப்பம்

தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தினமும் வருவார். மோர் குடித்ததும் ஒரு ஏப்பம் விடுவார் பாருங்கள், சுவர்க் காலண்டர் ஆடும். ஒரு சனிக்கிழமை, ஆற்றோரம் மின்மினி பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி அதைக் கேட்டுவிட்டு வேறு மேசைக்கு மாறிப் போனார்கள். எனக்கு மானம் போயிற்று. "கொஞ்சம் மெதுவா விடக்கூடாதா ஐயா?" என்று கெஞ்சினேன். மீசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சாப்பாடு நல்லாருக்குன்னு இதுக்கு மேல எப்படிம்மா சொல்றது?"

ஸ்ஸ்

சீனர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் "ஸ்ஸ்! ஸ்ஸ்!" என்றார். அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு முறை கேட்காததுபோல் போனேன். மூன்றாம் முறை, "நான் என்ன கோழியா?" என்று மலாயில் கேட்டே விட்டேன்.

பாவம், மனிதருக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர். கையில் கடித்த மோர்மிளகாயின் காம்பு மட்டும் மிச்சம். "பெடாஸ் லா, அக்கா! ஆயர்! ஆயர்!" என்று காரம் தாங்காமல் அலறினார். தண்ணீர் எடுக்க ஓடினேன். கல்லாவிலிருந்து தேவகியக்காவின் குரல் துரத்தியது:

"இது ஒண்ணாச்சு சுமதி. இன்னொண்ணு ஆச்சுன்னா வீட்டுக்குப் போயிரு."

ச்

பக்கத்தில் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அரபு நாட்டு மாணவர் ஒருவர் வந்தார். இன்னும் சோறு வேண்டுமா என்றேன். முகவாயைத் தூக்கி, நாக்கால் "ச்" என்றார். ரசம்? "ச்." பாயசம்? "ச்."

பாயசத்துக்குமா! வாளியை டமாரென்று வைத்தேன். "பிடிக்கலேன்னா வாயத் தொறந்து சொல்லு!" என்று மலாயில் கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. தன் ஊரில் அந்தச் சத்தத்துக்கு 'இல்லை, வேண்டாம்' என்றுதான் அர்த்தம், வயிறு நிறைந்துவிட்டது என்று பையன் தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

அதற்குள் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து தேவகியக்கா வந்துவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"இவ ஒங்களத் திட்டினாளா?" என்று பையனிடம் மலாயில் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். முகவாயை மெல்லத் தூக்கினார்.

"ச்."

தேவகியக்கா விழித்தார். பக்கத்து மேசையிலிருந்து மண்டோர் பெரியவர், "இல்லேங்கறாரு தேவகி. நானும் இங்கதானே இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, சாட்சிக்கு ஒரு ஏப்பமும் விட்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. தேவகியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்:

"நின்னது போதும். பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊத்து."

அந்த மூன்று மாதமும் நல்லபடியாகத் தாண்டிவிட்டேன். இப்போதெல்லாம் யார் வாயில் என்ன சத்தம் வந்தாலும் முதலில் தண்ணீர் வைக்கிறேன், கோபத்தைக் கடை மூடிய பிறகு பார்த்துக்கொள்கிறேன்.