ஆள் தலைக்கு மேல் ஒரு முழம்

பக்கத்து வீட்டுப் புண்ணியவான் இரண்டு மாடி ஏற்றியதிலிருந்து, காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு வெயில் வருவதில்லை. என் மனைவியின் வெள்ளைக் கத்தரிச் செடிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. கடைசிக் காயை முற்றவிட்டு விதை எடுத்தாள். அந்த ரகம் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை. இந்த விதை முளைத்தால் உண்டு, இல்லையென்றால் அத்தோடு சரி.

விளக்கு போட்டு நாற்று வளர்க்கலாம் என்று சொன்னவன் நான். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் இருபது வருடமாக விளக்கு மாட்டுகிறேன், வெளிச்சத்தைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுப்பது? செடிக்கும் விளக்குக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கைப்பேசி வீடியோவில் ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வைத்துச் செடி வளர்க்கிற கூட்டம் என்று பாதியிலேயே தள்ளிவிட்டேன். மனைவி விதைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். பத்திரம் என்று மட்டும் சொன்னாள்.

காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த தெர்மாகோல் மீன் பெட்டியில் மண் நிரப்பி விதைத்து, பின்னறையில் வைத்தேன். கப்பலில் விளக்கு என்றால் ஆள் தலைக்கு மேல் ஒரு முழம் தள்ளித்தான் தொங்க வேண்டும். தாழ்ந்திருந்தால் யாராவது மண்டையை இடித்துக்கொள்வான், மேஸ்திரி நம்மைக் கிழித்துவிடுவார். என் கை அதே பழக்கத்தில் பின்னறையிலும் மாட்டிவிட்டது. கத்தரி நாற்றுக்கு மண்டை இடிக்கும் என்று பயந்த ஒரே எலெக்ட்ரீஷியன் நானாகத்தான் இருப்பேன்.

முளைத்த பத்தே நாளில் நாற்று விரல் நீளம் ஏறிவிட்டது. போட்டோ எடுத்து வேலையிடத்து ஆட்களுக்கெல்லாம் அனுப்பினேன். எதிர்வீட்டு மீன்கார அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து, வெளிறிப்போன தண்டை ஒற்றை விரலால் தொட்டாள்.

"இது வளர்றது இல்ல நைனா. வெளிச்சம் எட்டாம எக்கிகினு கீது."

மீனைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்லட்டும், செடி அவளுக்கெதற்கு என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு நாற்றுகூட நிற்கவில்லை. எல்லாம் மடிந்து மண்ணில் கிடந்தன.

விதை பழசு, மண் சரியில்லை, எண்ணூர்ப் புகை என்று மனைவியிடம் வரிசையாகக் குற்றம் சாட்டினேன். அவள் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு வாசல்வரை மட்டும் போகிற இடம் அது. அரிசி டின்னுக்குப் பின்னால், அலமாரிப் பலகையின் அடியில் ஒரு சின்ன டியூப் லைட்டைக் கட்டியிருந்தாள். அதற்கு ஒரு சாண் கீழே தயிர் டப்பாக்களில் நாலு கத்தரி நாற்றுகள். குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சை இலையோடு நின்றன. காலையில் போட்டு, படுக்கப் போகும்போது அணைத்துவிடுவாளாம்.

விதை ஏது என்று கேட்டேன்.

"நாலு எடுத்து வச்சிகினுதான் பொட்டலத்த உன் கையில குடுத்தேன்."

எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. தொட்டிக்கு மாற்றிய அந்தச் செடிகள் இப்போது அவள் விளக்கடியில் பூ விட்டிருக்கின்றன. தண்ணீர் ஊற்ற மட்டும் எனக்கு அனுமதி. விளக்குப் பக்கம் கை போகக் கூடாது.