பாறை மணிப்பூவுக்குப் போட்ட மண்

கதவைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இருபது வருடமாக இதே கதைதான். தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக்கூடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்கு. எட்டாவதோடு படிப்பு நின்றவள். வந்தாலும் போனாலும் சத்தம் கேட்காது என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவளைப் பூனை என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு வருடம் முதல்முறையாக விதைக்கிற பொறுப்பும் அவள் கைக்கு வந்தது. செங்குத்துப் பாறையின் வெடிப்பில் மட்டும் வேர்பிடிக்கிற மணிப்பூச் செடி அது. கிள்ளினால் பால் வடியும். ஊதாப் பூ தலைகவிழ்ந்து தொங்கும். காய் முற்றியதும் காம்போரம் பொடித் துளைகள் திறக்கும். காற்று உலுக்கினால்தான் விதை கொட்டும். இருந்ததே ஒரே பாறையில். அதிலும் பாதி மழையில் சரிந்துவிட்டது. கயிற்றில் தொங்கி மிச்ச விதையைச் சேர்த்து வந்தவன் அவளுடைய தம்பி. மொத்தமே ஒரு சிட்டிகை.

"மேலாகத் தூவிட்டு விட்டுடு," என்றார் மேலாளரம்மா.

தூவினாள். விட்டுவிட மனசு வரவில்லை. மூச்சுக்காற்றுக்கே பறந்துவிடும் போலிருந்தது. மதியம் திரும்பி வந்து, விரல்கடை உயரத்துக்கு மண்ணைப் போட்டு மூடினாள்.

முப்பது நாளாகியும் பச்சை தட்டவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணைக் கிளறக் கை நீளும், பயந்து பின்வாங்கும்.

முப்பத்தைந்தாம் நாள் மேலாளரம்மா தம்பியைக் கூப்பிட்டார். "காய் முத்தறதுக்கு முன்னாடியே பறிச்சுட்டே. அடுத்த தடவை வேற ஆளைத்தான் இறக்கணும்."

"முத்தின காய்தாம்மா. சத்தியமா," என்றான் அவன். முகம் செத்துப்போயிருந்தது.

வாளியைக் கீழே வைத்தாள். "அவன் மேல தப்பில்லைம்மா. நான்தான் மண்ணு போட்டு மூடினேன்."

தம்பிதான் முதலில் சிரித்தான். "ஏன்க்கா, அந்தப் பாறையில யாரு போய் மண்ணு போட்டா?"

"வெளிச்சம் பட்டாத்தான் இது முளைக்கும்," என்றார் மேலாளரம்மா. "வாயத் தொறக்க உனக்கு முப்பத்தஞ்சு நாளா?"

அன்றே விதையோடு சேர்த்து மேல்மண்ணைச் சுரண்டி, அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பினார்கள். மேலே ஊற்றினால் விதை அடித்துப்போகும் என்று, அடியிலிருந்து ஈரம் ஏற விட்டார்கள்.

இன்று பதினொரு செடிகள் இருக்கின்றன. இரண்டு பூத்திருக்கின்றன. கயிற்றில் இறங்குவது இன்னமும் தம்பிதான். விதைக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அவள் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறாள்.