பெரியம்மாவின் பெயரில் ஒரு கோழி

மூடி குளிரும்போது ஒரு சத்தம் வரும். பெரிய பிரஷர் குக்கரிலிருந்து இறக்கிய கண்ணாடி ஜாடிகளை அம்மா பேஸ்மென்ட் மேசையில் பழைய துண்டு விரித்து, ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையாக வைப்பார். உள்ளே கோழிக்கறி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். சூடு தணியத் தணியத் தகர மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி 'டிங்' என்று ஒலிக்கும். எந்த ஜாடி எப்போது ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. நாங்கள் மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தரைக்கு அடியிலிருந்து ஒன்று கேட்கும். பேச்சு மறுபடி தொடங்கி, அதை மறந்தும்போன பிறகு இன்னொன்று, யாரோ கீழே தனியாக உட்கார்ந்து தம்ளரை நகத்தால் தட்டுவதுபோல.

நியூ ஜெர்ஸியின் வடமேற்கே, சாலை மேடேறத் தொடங்கும் இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும், நடந்தால் முனகும் ஒரு பழைய மரவீடும் இருந்தன. அப்பாவுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவரோடு வேலை பார்த்த தமிழர்கள் எல்லாரும் வெஸ்ட் வின்ட்சரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடியிருந்தபோது, அப்பா மட்டும் இத்தனை தூரம் தள்ளி இடம் வாங்கியது சர்ச்சில் யாருக்கும் விளங்கவில்லை. "பாளையங்கோட்டையில ஒரு முருங்க மரம் கூட வைக்காத ஆளு, இங்க பனிக்குள்ள வந்து பண்ண வச்சிருக்காரு" என்பார் டேனியல் அங்கிள். கோழி அறுக்கும் நாளில் தவறாமல் வந்து நிற்பவரும் அவர்தான். அந்த மேட்டில் பனிப்புயல் வந்தால் கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஃப்ரீசரை நம்பிக் கறி வைப்பதில்லை. ஜாடியில் அடைத்து வேகவைத்து அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். அம்மாவும் அப்படியே செய்தார். எங்கள் பேஸ்மென்டிலும் மேலே திறக்கும் நீளமான ஃப்ரீசர் ஒன்று இருந்தது. அதில் பச்சைப் பட்டாணியும் பரோட்டா பாக்கெட்டுகளும் மட்டுமே கிடந்தன.

கோழிகளுக்குப் பெயர் வைத்ததும் அம்மாதான். நான் ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். தம்பி ஆரோன் இங்கேயே பிறந்தவன். கிரீன் கார்டு கைக்கு வராமல் இந்தியா போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லியிருந்ததால் நாங்கள் ஊருக்குப் போகாமலே வருடங்கள் ஓடின. சொந்தக்காரர்களின் முகம் எனக்கே மங்கத் தொடங்கியிருந்தது. வசந்தத்தில் அட்டைப்பெட்டியில் கீச்சிட்டுக்கொண்டு வந்த குஞ்சுகள் வளர்ந்து ஆளுக்கொரு குணம் காட்டியதும், அந்தக் குணத்துக்கு ஏற்ற சொந்தக்காரரின் பெயரை அம்மா ஒவ்வொன்றுக்கும் வைத்தார். தீனித் தட்டு வருவதற்கு முன்பே கத்தத் தொடங்கும் செம்பழுப்புக் கோழி, அப்பாவின் அக்கா, எங்கள் ஜாய்ஸ் அத்தை. "அங்கன பாருட்டி, உங்க அத்த வந்தாச்சு. இனி வேற யாரு வாயத் திறக்க முடியும்?" என்பார் அம்மா. அப்பா விடமாட்டார். கொண்டை பெருத்த சேவலுக்கு அம்மாவின் அண்ணன் மோசஸ் மாமாவின் பெயர் கிடைத்தபோது, "கரெக்ட்டு. காலையில ஒரு சத்தம் குடுத்தா அன்னைக்குள்ள டியூட்டி முடிஞ்சுது" என்றார். பள்ளியில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது ஆரோன், ஜாய்ஸ் அத்தை பிரவுன் முட்டை போடுவார் என்று சொல்லிவிட்டு வந்தான்.

சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடிய பெட்டைக்கோழிதான் எஸ்தர் பெரியம்மா. பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர், தாயில்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்தவர். மற்றக் கோழிகள் தின்று முடிக்கும்வரை இந்தக் கோழி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். "எங்க அக்கா அப்படித்தான். பந்தியில கடைசியாத்தான் உக்காருவா" என்று சொல்லி, அதற்கென்று ஒரு பிடி சோளத்தை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருப்பார், குளிர்காலத்தில் கோட்டுப் பையில்.

நவம்பரில் அறுப்பு. டேனியல் அங்கிள் தகரக் கூம்பில் கோழியைத் தலைகீழாக இறக்குவார், அப்பா கத்தி பிடிப்பார், நானும் ஆரோனும் வெந்நீரில் முக்கியதை இறகு பறிப்போம். ஜாடி மூடியில் அம்மா மார்க்கரால் கோழியின் பெயரை எழுதுவார்; முற்றிய கோழி எது, இளசு எது என்று பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதற்கேற்றபடி குழம்பில் கொதிக்கவிடலாம். முட்டை நிற்காமல் போட்டுக்கொண்டிருந்ததால் எஸ்தர் பெரியம்மா அந்த வருடம் கத்திக்குத் தப்பினார். ஜாய்ஸ் அத்தை தப்பவில்லை. அன்று மாலை அவர் பெயர் எழுதிய ஜாடி 'டிங்' என்றதும் அம்மா கையைத் தட்டி, "அப்பாடா! உங்க அக்கா ஒரு வழியா வாய மூடியாச்சு!" என்றார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த ஜாடியை ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக முடியாத அளவு பனி கொட்டிய நாளில் திறந்தோம். கொழுப்பு மேலே மஞ்சளாக உறைந்திருந்தது. அம்மா மிளகு அரைத்துக் குழம்பு வைத்தார். ஆரோன் எலும்பை உறிஞ்சியபடி, "ஜாய்ஸ் அத்தை இஸ் ஸோ குட்" என்றான். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் இன்னும் மேசையில் இருக்கும்போதே ஃபோன் அடித்தது. ஊரில் அப்போது திங்கள் விடிந்திருந்தது. ஜாய்ஸ் அத்தை தூக்கத்திலேயே இறந்துவிட்டிருந்தார்.

அத்தைக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி இருந்தது, இதயமும் சரியில்லை, வியப்பதற்கு எதுவுமில்லை. ஃபோனில் பேசிய சித்தப்பா, ஐஸ் பெட்டி சொல்லியாகிவிட்டது என்றும், அப்பா வருவதாக இருந்தால் அதுவரை வைத்திருப்பதாகவும் சொன்னார். வெளிநாட்டில் பிள்ளையோ உடன்பிறந்தவரோ உள்ள வீடுகளில் அப்படித்தான். வருகிறவர் வந்து முகம் பார்க்கும்வரை அந்தக் கண்ணாடி மூடிய குளிர்பெட்டியில் உடல் காத்திருக்கும். அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "வைக்க வேண்டாம்ல. எடுத்துருங்க" என்றார். மீதிக் குழம்பை யாரும் தொடவில்லை.

ஜாடி மூடிகளை அவ்வப்போது விரலால் அழுத்திப் பார்ப்பது என் வேலை. இறுக்கம் போகாத மூடி கல்போல இருக்கும். கெட்டுப்போனது 'டக்' என்று உள்ளே போய் மேலே எழும்பும். சில வாரங்கள் கழித்து, மோசஸ் மாமாவின் மூடி என் விரலுக்கு அடியில் 'டக்' என்றது. அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். அந்த வாரமே மாமா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்த செய்தி வந்தது. பின்னாளில் எனக்குப் பத்திரிகை வேலை கற்றுக்கொடுத்த ஆசிரியர், இரண்டு சம்பவத்தைச் சேர்த்துக் கட்டிச் செய்தி எழுதாதே என்று அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துக் கட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஜாடி திறக்கவில்லை. அலமாரி நிறையக் கறியை வைத்துக்கொண்டு கடையில் கோழி வாங்கினோம்.

அப்போதுதான் பெரியம்மாவின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்தது. அன்றைக்கே அம்மா கோழிக்கூட்டுக்குப் போய், அந்தச் சாம்பல் கோழியைக் கோட்டுக்குள் அணைத்து எடுத்துவந்து பேஸ்மென்டில் வைக்கோல் பரப்பிவிட்டார். குளிரில் வெடிக்காமல் இருக்கக் கொண்டையில் வாஸலின் தடவினார். அப்பா படிக்கட்டில் நின்று பார்த்தார்.

"கிரேஸ், நம்ம ஜெபம் பண்ணுற குடும்பம். இது என்ன?"

"நான் என்ன கும்பிட்டா கெடக்கேன்? கோழிக்குத் தீனி போடுதேன்."

"மத்தது எல்லாம் வெளியத்தானே கெடக்கு?"

"மத்தது எல்லாம் எங்க அக்கா இல்லலா" என்றார் அம்மா. சொன்ன பிறகு அவரே கொஞ்சம் திகைத்து நின்றார்.

கோழி கீழே இருந்தபோது வீட்டின் சத்தம் மாறிவிட்டது. ஹீட்டர் குழாய் வழியாக அதன் தொண்டைக் குரல் எல்லா அறைகளுக்கும் ஏறி வந்தது, பக்கத்து அறையில் ஒருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதுபோல. தீனி வைக்கக் கீழே போனால் பெரும்பாலும் அது ஜாடி அலமாரிக்கு முன்னால்தான் நிற்கும். கோழி எதையும் ஒரு கண்ணால்தான் கூர்ந்து பார்க்கும். தலையைச் சாய்த்து, ஜாடி வரிசையை அந்த ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டில் தீனி போட்டாலும் உடனே வராது. யாரோ சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்று காத்திருப்பதுபோல நிற்கும், எதிரே யாரும் இல்லாதபோதும்.

பிப்ரவரி கடைசியில் கிரீன் கார்டு வந்தது. அதற்காக அம்மா ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மாவை ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஃபோன் வந்தது. கிடைத்த ஃபிளைட்டில் அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தோம். கோட்டும் ஷூவும் போட்டபடி அம்மா பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனார், கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தார். "நான் வாரது வரைக்கும் அக்காவப் பாத்துக்கோங்க" என்று அப்பாவிடம் சொன்னார். எந்த அக்கா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, கோழி வைக்கோலில் கழுத்தை இறகுக்குள் செருகியபடி செத்துக் கிடந்தது. தீனியும் தண்ணீரும் வைத்தது வைத்தபடி இருந்தன. உடம்பில் காயம் இல்லை. முட்டை போட்டே ஓய்ந்த கோழி, கடுங்குளிர். அதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உறைந்த நிலம் இரும்பைப்போல ஒலித்தது. இரண்டு மூன்று தரம் வெட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "வி ஹாவ் டு டெல் அம்மா" என்றான் ஆரோன். அப்பா இறகு பறிக்காமல், அறுக்காமல், அந்தக் கோழியை வெள்ளைத் துண்டில் சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி விட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஃப்ரீசருக்குள் பட்டாணிப் பைகளின் மேல் படுக்கவைத்தார்.

"வரவேண்டியவ வந்து பாத்துக்கிடட்டும். அதுக்குத்தானே வைக்கது" என்றார். அது ஜாய்ஸ் அத்தையை நினைத்துச் சொன்னது என்று எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். முதல் கேள்வி அதுதான்: "அக்கா எப்படி இருக்கா?"

அப்பா பேஸ்மென்ட் கதவைப் பார்த்தார். "நல்லா இருக்கா. தூங்குதா."

"இங்கயும் தேறிட்டா! இப்பத்தான் கண்ண முழிச்சா. டியூப எல்லாம் ரிமூவ் பண்ணியாச்சு. முழிச்ச உடனே என்ன சொல்லுதா தெரியுமா? 'குளிருதுட்டி, அந்த ஃபேன நிறுத்து'ங்கா. ஃபேனே ஓடல. நம்ம திருநெல்வேலி வெயில்ல குளிருதாம்!"

அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா ஃபோனை வைத்தார். கீழே ஃப்ரீசரின் மோட்டார் ஓடத் தொடங்கியது மேலே கேட்டது.

பெரியம்மா நடமாடத் தொடங்கியதும் அம்மா திரும்பிவந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழே போனவரைப் பின்தொடர்ந்து அப்பா நடந்ததைச் சொன்னார். அம்மா ஃப்ரீசர் மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. இறகுகளில் உப்புப் படிந்ததுபோல் பனி பூத்திருந்தது. அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"பனி உருகுனதும் மேப்பிள் மரத்தடியில புதைச்சிரலாம்" என்றார் அப்பா.

"இருக்கட்டும்."

"அது செத்த கோழி, கிரேஸ்."

"இருக்கட்டும்னு சொல்லுதேன்லா" என்று சொல்லி அம்மா மூடியைச் சத்தம் வராமல் இறக்கினார்.

பனி உருகியது, மண் இளகியது, யாரும் மண்வெட்டியை எடுக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அப்பா ஜெனரேட்டர் வாங்கினார். பனிப்புயலில் கரண்ட் போனபோது அதிலிருந்து முதல் வயரை ஹீட்டருக்குக் கொடுக்காமல் ஃப்ரீசருக்குக் கொடுத்தவர், எது விசுவாசம் எது மூடநம்பிக்கை என்று எங்களுக்கு வகுப்பெடுத்த அதே அப்பாதான். நாங்கள் மேலே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

போன இலையுதிர்காலத்தில் அந்த வீட்டை விற்றோம். அப்பாவும் அம்மாவும் டெக்ஸஸில், ரிச்சர்ட்சனில், ஆரோன் வீட்டோடு இருக்கிறார்கள். வீட்டைக் காலிசெய்யப் போனவள் நான். மிஞ்சிய ஜாடிகளை எடுத்து ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்த்தேன், பழக்கம் போகவில்லை. எல்லாமே கல்போல் இறுகியிருந்தன. அவற்றில் ஒன்றில் லில்லி சித்தியின் பெயர் இருந்தது; அவர் இறந்து எவ்வளவோ காலமாகிறது, அவர் மூடி அசையவே இல்லை. இதையும் எழுதியாக வேண்டும். விட்டுவிட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும். ஜாடிகளைத் திறந்து கொட்டிக் கழுவி வைத்தேன். புதிதாக வாங்கியவர்கள் கோழிக்கூட்டைப் பிரித்து அந்த இடத்தில் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இறகு பறித்த தொட்டி, தகரக் கூம்பு, அந்த அலமாரி, அதில் வரிசையாக இருந்த பெயர்கள், எதுவும் இப்போது இல்லை. அந்த 'டிங்' சத்தத்தை வேறு எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை.

காலிசெய்த அன்று அம்மா மூன்று தரம் ஃபோன் பண்ணினார். பாத்திரம், படம், பைபிள் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான், "ஃப்ரீசர என்னட்டி பண்ணுன?" என்றார். ஐஸ் நிரப்பிய பெட்டியைக் கார் சீட்டில் பெல்ட் போட்டு வைத்திருப்பதைச் சொன்னேன். "பைய ஓட்டிட்டுப் போ" என்றார்.

எஸ்தர் பெரியம்மாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையே காய்ந்துகொண்டிருக்க, அவர் ஸ்வெட்டர் போட்டு, தலையில் மஃப்ளர் சுற்றியிருந்தார். "எனக்கு ஒரே குளிருதுட்டி. அங்க எப்படி?" என்று கேட்டார். இங்கே குளிர் விட்டுவிட்டது பெரியம்மா என்றேன்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. வெஸ்ட் வின்ட்சரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், நாளை பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தப்போவதாக லிஃப்ட் பக்கம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஃப்ரீசருக்காக இரண்டு மூட்டை ஐஸ் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு லீவும் போட்டிருக்கிறேன்.