பகலில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை

சென்னையில் காலை பத்து மணிக்கு மேல் லுங்கியோடு பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் ஆண்பிள்ளைக்கு ஒன்று அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்புக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். ஆழ்வார்பேட்டைக்குக் குடிவந்த முதல் வாரமே இது எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் ஏழுமலை தினமும் கீழேயிருந்து என்னை அண்ணாந்து பார்ப்பார். ஒருநாள் கேட்டே விட்டார்.

“இன்னா சார், ஆபீஸ் போலியா? ஒடம்பு எப்டி கீது?”

“நல்லாத்தான் இருக்கு. சும்மா இருக்கேன்” என்றேன்.

“நல்லா ரெஸ்ட் எடு சார், எல்லாம் சரியாப்பூடும்” என்றார்.

மறுநாளிலிருந்து மேல்வீட்டு மாமி மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். எனக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருப்பதாகக் கட்டடம் முழுக்கப் பேச்சு. ரசம் அருமையாக இருந்ததால் நான் மறுக்கவில்லை. “எல்லாரும் பாவமா பாக்குறாங்க லா” என்று மலேசியப் பேச்சு மாறாத என் மனைவி கலாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

மலேசியாவில், நம் ஈப்போவில் இருக்கும் நண்பர்களே, உங்களுக்கு எங்கள் கதை தெரியும். இருபது வருஷம் கார் உதிரிபாகக் கடை. நான் கடை திறக்கப் போகும்போது மகள் பிரியா தூங்கிக்கொண்டிருப்பாள், மூடிவிட்டு வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். கலா என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் கல்லாவில் நின்றுதான் பேசுவாள். கடையைக் கைமாற்றிவிட்டு, சேர்த்ததிலும் இரண்டு கடைவீடுகளின் வாடகையிலும் நிம்மதியாகக் காலம் தள்ளலாம் என்று ஆனபோது, ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போ, மெல்பர்னுக்குப் போ என்று ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். எனக்கோ பேரம் பேசுவதிலிருந்து பஸ்ஸில் சண்டை போடுவதுவரை தமிழிலேயே நடக்கும் ஊரில் வாழ்ந்து பார்க்க ஆசை. கலாவுக்கு அப்படி ஓர் ஆசையும் இல்லை. ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சம்மதித்தாள். இனி மத்தியானச் சாப்பாடு தினமும் ஒன்றாக என்பது நான் கொடுத்த வாக்கு. ஈப்போ வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டினாள். “பிடிக்கலைன்னா நான் திரும்பிடுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

பிரியா ஒரே மாதத்தில் பள்ளித் தோழிகளை ‘மச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். கலா மட்டும் ஒட்டவில்லை. சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்வாள். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து, “அங்க இப்ப மழை” என்பாள். நான் அவசரமாகப் பேச்சை மாற்றுவேன்.

ஒருநாள் மனசு கேட்காமல், எனக்கு ஒரு நோயும் இல்லை, சம்பாதித்தது போதும் என்று வேலையை விட்டுவிட்டேன் என மாமியிடம் சொல்லிவிட்டேன். இருதய ஆபரேஷனைவிட இதுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சி. ரசம் நின்றுபோனது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய கணவர் கீழே இறங்கி வந்தார்.

“நீங்க பகல்ல ஆத்துலதானே இருக்கேள்? அசோசியேஷன் செக்ரட்டரியா இருந்துடுங்கோளேன். தண்ணி லாரி, லிஃப்ட், மோட்டார், அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா! எனக்குப் பழைய கடை வாசல் கண்ணில் தெரிந்தது. சரி என்றால் மத்தியானச் சாப்பாடு போச்சு, அதோடு கலாவும் போய்விடுவாள். நான் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“நான் செய்றேன்” என்றாள் கலா. “கடையில கணக்கு பார்த்ததும் நான்தான், லாரிக்காரங்ககிட்ட சண்டை போட்டதும் நான்தான்.”

மாமா தயங்கினார். “சார் கூடமாட ஒத்தாசையா இருப்பாரோன்னோ?”

“அவர் சமைப்பார்” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன் ஓய்வதில்லை. “இன்னா நைனா, காலைல வரேன்னுட்டு இப்பத்தான் தேனாம்பேட்டைல கீறேன்னா எப்டி? சீக்கிரம் வா லா!” என்று தண்ணீர் லாரிக்காரனிடம் இரண்டு ஊர்ப் பேச்சையும் ஒரே மூச்சில் கலந்து அடிக்கிறாள். ஏழுமலை அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார். கையை நீட்டிப் பஸ்ஸையே நிறுத்திவிட்டுச் சாலையைக் கடக்கிறாள். நான் வாக்கு மாறாமல் சமைத்துவைத்துக் காத்திருக்கிறேன். தாமதமாக வருவது அவள்தான். ஆனாலும் வந்து உட்கார்ந்ததும் லிஃப்ட்காரன் சொன்ன பொய்யையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

வருஷம் முடிந்து ஈப்போ போனபோதுதான் மறுபடி பயம் வந்தது. வீட்டைத் திறந்து, கலா ஒவ்வோர் அறையாகப் போய் நின்றாள். வெளியே நல்ல மழை. அவளுடைய அண்ணி நேராகவே கேட்டார்.

“என்ன முடிவு பண்ணின?”

“வாடகைக்கு விட்டுடுங்க அண்ணி. பின்னால இருக்கிற ரூம் மட்டும் வேணாம். அது எங்களுக்குன்னு பூட்டியே இருக்கட்டும்.”

“வாடகை குறைச்சுக் கேப்பாங்களே.”

“கேக்கட்டும்.”

இப்போது அந்த வீட்டில் ஒரு சீனக் குடும்பம் இருக்கிறது. நேற்று அண்ணி கலாவோடு போனில் பேசினார். அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்கிறார்களாம். ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி. வேறு ஒன்றும் கிடையாது. கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கலா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

“நாங்க உள்ள இருக்கோம்னு சொல்லுங்க அண்ணி” என்றாள்.