நெல் காயும் சாலையில் இடப்பக்கம் ஒதுங்குதல்

காலையில் நான் சைக்கிளை வெளியே எடுத்தால், கரிக்கலாம்பாக்கத்தில் யாராவது ஒருவர் குறை சொல்ல வந்துவிடுகிறார். "சார், கால்வாயைத் தோண்டிப் போட்டுட்டுப் போனீங்களே, எப்ப மூடுவீங்க?" என்று ஒருவர் வண்டியை மறித்தார். எல்லாம் என் மஞ்சள் ஒளிர்சட்டையால் வந்தது. பிரான்சில் சைக்கிள்காரர்கள் போடுவது, அங்கே ஜிலே என்போம். இங்கே அதைச் சாலை போடுகிறவரும் குழாய் பதிக்கிறவரும்தான் அணிகிறார்கள். நான் பாகூரில் ஒரு தனியார் பள்ளிக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போகும் ஓய்வுபெற்ற ஆள் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "சரி சார், மேல சொல்லி வைங்க" என்றார். எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவில் புகார் தர வேண்டும் என்று அவருக்குச் சொல்லியனுப்பினேன். தெரிந்த நடைமுறையைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. பணிக்காலம் முழுவதையும் பாரிசின் புறநகர் ஒன்றில், நகராட்சியின் சாலைப் பிரிவில் கழித்தவன்.

அங்கே இருந்துகொண்டு, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நண்பர்களே, வீட்டு மனை விலையைப் பற்றி எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். சாலையின் இடது ஓரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே ஊருக்கு வெளியே ஒரு கார் நம்மைத் தாண்டினால் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். சைக்கிளுக்கென்றே தனிப்பாதை உண்டு, பிஸ்த் சிக்லாப்ளு. அதற்கான கோப்புகளில் பாதி என் மேசையைத் தாண்டிப் போனவைதான். இங்கே நமக்கும் பேருந்துக்கும் நடுவே இருப்பது ஹாரன் சத்தம் மட்டும். ஓரமாகப் போகலாம் என்றால், தை பிறந்ததும் ஓரம் காணாமல் போய்விடுகிறது. அறுவடையான நெல்லைச் சாலையில் கொட்டிப் பரப்பி, வண்டிகள் ஏறாதபடி விளிம்பில் கருங்கல்லும் முள்கிளையும் வைத்துவிடுகிறார்கள். தாரின் சூட்டுக்கு நெல் நன்றாகக் காய்கிறது. சைக்கிள்காரன் நடுச்சாலையில் காய்கிறான்.

பாகூர் சாலை வளைவில் நெல் பரப்புகிறவர் தனசேகரன். எங்கள் தெருக்காரர், என் வயதுதான். சாலையை அடைப்பது குற்றம் என்பதையும் அதற்கு யாரிடம் மனுக் கொடுக்கலாம் என்பதையும் ஒருமுறை இறங்கி நின்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். "போடு முசே, மனு போடு. அது ஆபீஸ் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள என் நெல்லு காஞ்சிடும்" என்றார். முசே என்பது பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்கு இந்தப் பக்கம் இலவசமாகக் கிடைக்கும் பட்டம். அதோடு நில்லாமல், "ஒரு நெல்லு மணி மேல டயர் ஏறிச்சு, அப்புறம் நான் பொல்லாதவன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தச் சாலையில் தினமும் உருள்வது சைக்கிள் மட்டுமில்லை, நாங்கள் ஊரில் இருப்பதா போவதா என்பதும்தான். ஊர் திரும்பும் யோசனை என்னுடையது. என் மனைவி ரெஜினா வில்லியனூரில் பிறந்தவள், ஆனாலும் மகன்களையும் பேரக்குழந்தைகளையும் விட்டு அரை மனதாகத்தான் வந்தாள். வந்த வாரமே நிபந்தனை போட்டாள். "சைக்கிள்ல போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க, போங்க. ஒரு நாள் வுழுந்து வந்தீங்கன்னா, பெரியவனுக்கு போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிடுவேன். அப்புறம் ஊரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." தலைக்கவசம், கைப்பிடியில் கண்ணாடி, ஒளிர்சட்டை எல்லாம் அந்த நிபந்தனைக்குக் கட்டிய காப்பீடு.

சம்பவத்தன்று வளைவுக்கு முன்பே கண்ணாடியில் கரும்பு டிராக்டரைப் பார்த்துவிட்டேன். பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வருகிறவன்தான் பொறுத்து வர வேண்டும் என்பது விதி. எனவே வேகத்தை மாற்றாமல் நேராக மிதித்தேன். எதிரே தனியார் பேருந்து வளைவைச் சுற்றி வந்தது. டிராக்டர் பொறுக்கவில்லை. அதன் இரைச்சல் என் முதுகை ஒட்டி வந்தது. இடப்பக்கம் கல், அதற்கப்பால் ஒரு பாய் அகலத்துக்கு மெத்தை போல நெல். இரண்டு கல்லுக்கு நடுவே நுழைந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். பேருந்தின் ஹாரன் அலறியது. என் கைகள் வண்டியை வலப்பக்கம் திருப்பின. டிராக்டரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, பேருந்தின் வழியையும் கடந்து, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் போய் விழுந்தேன்.

சிராய்ப்புதான். பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏ பெருசு! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்றார். உண்மையில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பள்ளத்தில் கிடந்தபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பிரான்சில் என் முதல் குளிர்காலத்தில் இதே கூத்து தலைகீழாக நடந்தது. ரொட்டி ஏற்றிய வேன் பின்னால் வந்தபோது, புதுச்சேரிக்காரனாக இடப்பக்கம் ஒதுங்கி அதன் முன்னாலேயே போய் நின்றேன். இறங்கி வந்த பெண்மணி திட்டவில்லை. நான் நலமா, யாரையாவது அழைக்கட்டுமா என்று கேட்டாள். எனக்கு அப்போது இருந்த பிரெஞ்சில் அது மிரட்டல் என்று நினைத்து என் அடையாள அட்டையை நீட்டினேன். அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாலையோரத்தைக் காட்டி, "வலப்பக்கம், முசியே, எப்போதும் வலப்பக்கம்" என்றாள். அன்றிலிருந்து பயம் ஒவ்வொரு நாளும் என் உடம்புக்கு வலப்பக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. சும்மா ஓட்டும்போது நான் இடப்பக்கம் போவேன், விதி தெரிந்தவன். உயிர் போகும் என்றால் உடம்பு விதியைக் கேட்பதில்லை. அது பிரான்சுக்கு ஓடிவிடுகிறது.

ஆனால் தனசேகரன் கண்டது வேறு. ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தவர், சாலையின் அந்தப் பக்கம் பரந்து கிடந்த நெல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நெல்லு மேல ஏறியிருக்கக் கூடாதா முசே? அது இன்னா உன்னைக் கடிச்சிடுமா?" என்றார். குரல் உடைந்திருந்தது. கூடி நின்றவர்களிடம் திரும்பினார். "பாத்தீங்களாடா? உயிரே போற நேரத்துலயும் ஒரு மணி மேல டயர் ஏத்தலடா இந்த மனுசன். எத்தினி வருசம் வெளிநாட்டுல இருந்தா இன்னா, இவன் நம்ம ஊர்க்காரன்டா!" ஒரு பெண் என் முழங்காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். என் வாழ்நாளில் எந்த அலுவலகமும் எனக்கு இப்படியொரு சான்று தந்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் தனசேகரன் நெல்லை உள்ளே தள்ளி, சாலை விளிம்புக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்குத் தாரை விட்டுவைத்தார். இருபுறமும் கல் வரிசை. மனுவும் இல்லை, கோப்பும் இல்லை. எங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலேயே முதல் பிஸ்த் சிக்லாப்ளு அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்கு முந்தைய மாலையே என் விசாரணை நடந்து முடிந்திருந்தது. தனசேகரன் வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் முழுக்கதையையும் கை கால் வைத்துச் சொன்னார். அவள் காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, அவரை வாசல்வரை வழியனுப்பினாள். திரும்பி வந்து என் எதிரே நின்றாள்.

"எந்தப் பக்கம் வுழுந்தீங்க?"

"எதிர்ப்பக்கம்."

"வலப்பக்கம்."

"ஆமா."

அந்தப் புறநகரில் என் பின்னாலேயே சைக்கிள் ஓட்டிச் சந்தைக்கு வந்தவள் அவள். நெல்லுக்கு மரியாதை செய்யும் ஆளா நான் என்பது அவளுக்குத் தெரியும். இரவெல்லாம் அவள் போன் மேசையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், "சைக்கிளை எடுங்க" என்றாள். ஊருக்கு மேற்கே போன ஆண்டுவரை வயலாக இருந்த இடம், இப்போது மனைப்பிரிவு. தார்ச்சாலை மட்டும் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் எல்லைக்கற்களைத் தவிர ஒரு வீடு இல்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றாள். "நான் கத்துனா இடப்பக்கம் ஒதுங்கணும். இல்லன்னா இங்கேந்தே பெரியவனுக்குப் பேசிடுவேன்."

நான் மிதித்தேன். சாலை காலியாக இருந்தது. எப்போது கத்துவாள் என்று தெரியாது.

"லாரி!"

வலப்பக்கம் போய் நின்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடி. மறுபடியும் வலப்பக்கம். அடுத்த சுற்றில் பல்லைக் கடித்து, இடக்கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். "லாரி!" என்று அவள் கத்தியதும் முன்சக்கரம் சொன்னபடி இடப்பக்கம் திரும்பியது. இடுப்புக்கு மேலே நான் முழுதாக வலப்பக்கம் சாய்ந்திருந்தேன். புதுத் தாரின் நட்டநடுவில் விழுந்தேன், சைக்கிள் என் மேல்.

ரெஜினா நடந்து வந்து தலைமாட்டில் நின்றாள். போன் அவள் கையில்தான் இருந்தது. யாரை அழைக்கப் போகிறாள் என்று படுத்தபடியே பார்த்தேன். அவள் குனிந்து, வெயிலில் சுழன்றுகொண்டிருந்த முன்சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"பாதியாச்சும் திரும்பிச்சு" என்றாள். "எழுந்திருங்க. இன்னொரு தபா."