குப்பியில் மின்னியது

எழுபதுகளின் நடுவில் எனக்கு வாய்த்தது ஒரு விசித்திரமான உத்தியோகம். வடக்கே, விமான எஞ்சின்களைப் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் இருந்தேன். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை வடிகட்டி, அதில் என்னென்ன உலோகத் துகள் கிடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. துகளின் நிறத்தையும் அளவையும் வைத்து, உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் பறக்க விடலாம், எப்போது இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திறக்காமலே எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்கிற வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

லீவில் தூத்துக்குடிக்கு அக்கா வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. மின்விசிறி கரகரத்தால், இது இந்தக் கோடையைத் தாண்டாது என்பேன். தையல் மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவேன். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வந்த எடத்துல சும்மா கெடயேம்ல. எதப் பாத்தாலும் அதுக்கு நாள் குறிச்சுக்கிட்டு" என்பாள்.

அத்தானுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது. ஓட்டுவதும் அவர்தான். விடியும் முன்னே கடலுக்குப் போனால் பொழுது சாயத் திரும்புவார். அந்த முறை நான் போயிருந்தபோது, எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றப் போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். விடுவேனா?

"பழைய ஆயில கீழ ஊத்திராதிய அத்தான். ஒரு குப்பியில எனக்குக் கொஞ்சம் பிடிச்சுட்டு வாங்க."

"எதுக்கு மாப்ளே, தலைக்குத் தேய்க்கவா?" என்று சிரித்தார். ஆனாலும் மறக்காமல் அன்று சாயங்காலமே ஒரு இருமல் மருந்துக் குப்பி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். இருட்டிவிட்டது, துகள் பார்க்க நல்ல வெயில் வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலில் வைத்துவிட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது அவர் கடலுக்குப் போயிருந்தார். சோழகக் காற்று வலுத்திருந்த மாதம்; கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் தெற்கிலிருந்து அடித்த காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நான் எண்ணெயில் மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கி, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, முற்றத்து வெயிலில் விரித்தேன். துணி முழுக்க வெள்ளி வெள்ளியாக மின்னியது.

பட்டறையில் இப்படி இரண்டு மூன்று துகள் கண்ணில் பட்டாலே எஞ்சினை இறக்கச் சொல்லிவிடுவேன். பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் காந்தத்தை எடுத்துவந்து துணிமேல் காட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை. அப்படியானால் இரும்பு இல்லை. காந்தத்தில் ஒட்டாமல் இப்படி மின்னுவது பேரிங்கின் உட்புறம் பூசியிருக்கிற வெள்ளை உலோகமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது இந்த அளவுக்கு உரிந்து வருகிறதென்றால் பேரிங்குக்கு ஆயுள் அவ்வளவுதான். எந்த நேரமும் எஞ்சின் இறுகி நின்றுவிடலாம். இந்தக் காற்றில், நடுக்கடலில்.

அந்தக் காலத்தில் படகுகளில் வயர்லெஸ் ஏது? கரையிலிருந்து கூப்பிட ஒரு வழியும் கிடையாது. எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது. எண்ணெயைக் கொடுத்த மனுஷர் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? அவரை யாரும் பொறுக்கச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

"என்னல, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்தாள். மறைக்க எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.

அவள் துணியையே பார்த்தாள். "எஞ்சின் நின்னுட்டுன்னா?"

"பக்கத்துல வேற போட்டுக்காரவுக இருப்பாவல்லா. கட்டி இழுத்துட்டு வந்துருவாவ."

"இந்தக் காத்துலயா?"

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா அப்படி ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சும்மா இருக்க முடியாமல்தான் மிச்சமிருந்த ஒரு சோதனையையும் செய்து பார்க்க எழுந்தேன். வெள்ளை உலோகம் சூட்டில் சட்டென்று உருகிக் குட்டி மணியாகத் திரண்டுகொள்ளும். ஒரு துகளை எடுத்து எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தோசைத் திருப்பியின் நுனியில் வைத்து ஸ்டவ் மேல் பிடித்தேன். அக்காவும் எழுந்துவந்து பக்கத்தில் நின்றாள்.

அது உருகவில்லை. ஓரம் சுருண்டது, கறுத்தது, குப்பென்று ஒரு வாடை வந்தது. கருவாடு சுட்ட வாடை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஏலே, இது மீன் செதிலுல்லா."

ஒன்று செதில் என்றால் எல்லாமே செதில் என்று ஆகிவிடாது. அதனால் அவள் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிக் கொடுக்க, நான் ஒவ்வொன்றாகச் சுட்டேன். அத்தனையும் சுருண்டன. ஒன்றுகூட உருகவில்லை. கடைசியில் துணியில் மிஞ்சியது எந்த எஞ்சின் எண்ணெயிலும் இருக்கிற கறுப்புக் கசடு மட்டும். விரலால் தேய்த்துப் பார்த்தேன், நெருடவே இல்லை. பேரிங் நன்றாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வீடெல்லாம் நாறியது, அந்த நாற்றத்தை நான் ஆசை ஆசையாக இழுத்துக்கொண்டு நின்றேன்.

"ஒன்ன வெளக்குமாத்தால சாத்தணும்" என்றாள் அக்கா. சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். நிறுத்த முடியாமல் சிரித்தோம்.

அதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வெயில் தாழ்ந்ததும் அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து, "வா, கரை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். படகு வரும் நேரத்தில் கரைக்குப் போகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டினேன்.

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் படகு கண்ணுக்குத் தெரியும் முன்னே அதன் சத்தத்தை நான் பிரித்துக் கேட்டேன். தட்டல் இல்லை, திணறல் இல்லை, சீராக வந்தது. பட்டறையில் எஞ்சினை அனுப்பிவைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அதன் பின்னால் உட்கார்ந்து போகிறவன் யார், அவனுக்காகக் கரையில் நிற்பது யார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று மணலில் நின்று அதை நினைத்தேன்.

அத்தான் தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏன் ரெண்டு பேரும் இங்கன நிக்கிய? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல அத்தான். அந்த ஆயில எதுல பிடிச்சிய?"

"மீன் அலசுத சட்டியிலதான். போட்டுல வேற பாத்திரம் ஏது? அதக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்திய?" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஏளா, நீயும் இதுக்குத்தான் வந்தியா?"

அக்கா அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்க அவள் அவர் கையைப் பிடித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அத்தான் கூச்சத்தோடு நாலாபக்கமும் பார்த்தார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீடு வரை அப்படியேதான் நடந்தார்கள்.