அவள் கையில் போன பாதி

"ஏய், இதோட வாலைப் பாருடி!" என்று அவள் கத்தியபோதுதான் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது: இது மற்றவற்றைப் போல இல்லை, இதற்கு நாங்கள்தான் பெயர் கண்டுபிடிக்கப் போகிறோம்.

இமயமலையின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு. நானும் அவளும் டெல்லியிலிருந்து ஒரே வகுப்பு ஜியாலஜி மாணவிகளாகப் போயிருந்தோம். நின்றால்கூட மூச்சு வாங்கியது. நான் உளியைப் பிடிக்க, அவள் சுத்தியலால் தட்ட, கறுத்த பலகைக்கல் புத்தகம் போலத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு டிரைலோபைட். கடலடியில் ஊர்ந்து திரிந்து, மனிதன் வருவதற்குப் பல கோடி வருஷம் முன்பே அற்றுப்போன ஓட்டுப் பிராணி. கட்டைவிரல் நீளம். ஒரு பலகையில் அதன் முதுகு மேடாக இருந்தது, மறு பலகையில் அதே முதுகு பள்ளமாக. அந்தச் சரிவில் அதுவரை எங்களுக்குக் கிடைத்தவற்றுக்கெல்லாம் வால் மழமழவென்று இருந்தது. இதற்கு மட்டும் வாலோரத்தில் முள்.

"மேடு எனக்கு, பள்ளம் உனக்கு. டீக் ஹை?"

"அதெப்படி? உளி பிடிச்சது நான். அடி தவறியிருந்தா யார் விரல் நசுங்கியிருக்கும்?"

"நசுங்கலைல்ல? அப்ப பள்ளம்தான். சல், ஜல்தி, பஸ் கிளம்புது."

அவள் வீடு கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில். அவள் அம்மா நாகர்கோவில்காரர், நர்ஸ்; எனக்கு ஆன்ட்டி. எங்கள் வீடு மோதி பாக். பாதிக் கல் அங்கே, பாதி இங்கே. போனில் எப்போதும் ஒரே பேச்சு.

"முள்ளு ஒரு ஜோடியா, ரெண்டா?"

"என் பள்ளத்துல ஒண்ணுதான் தெரியுது."

"என் மேட்டுல இன்னொண்ணு இருக்கிற மாதிரி இருக்குடி. லென்ஸ் கிடைச்சதும் சேர்த்து வச்சுப் பார்ப்போம்."

லென்ஸ் கிடைப்பதற்குள் மழைக்காலம் முடிந்து டெங்கு வந்துவிட்டது. அவளுக்கு. பிளேட்லெட் ஏறியிருக்கிறது என்றார்கள். இறங்கிவிட்டது என்றார்கள். ஒரு வாரத்தில் அவள் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் பித்தளைக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குளிர் தொடங்கிய பிறகு என் பாதியைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்தவர் வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு ஹிந்தியில் சொன்னார்: முள் ஒரு ஜோடி என்றால் தெரிந்த இனம்தான். இரண்டு என்றால் அந்தச் சரிவிலிருந்து இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. என் கல்லில் வாலோரம் பெயர்ந்துபோயிருக்கிறது. பெயர்ந்தது மறு பாதியில் ஒட்டியிருக்கும்.

"அது எங்கே?" என்றார்.

கேட்கப் போகவும் கூச்சமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு ஜோடியா, ரெண்டா என்பது அவள் விட்டுப்போன கேள்வி. பஸ்ஸைப் பிடித்துக் கோல் மார்க்கெட் போனேன்.

ஆன்ட்டி டியூட்டி முடிந்து யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கேட்டேன்.

"அந்தக் கல்லா மக்ளே? காய்ச்சல்ல கை கொதிக்கு, கல்லு குளுகுளுன்னு இருக்குன்னு ஆஸ்பத்திரியில கைய விட்டு எடுக்கவே மாட்டேன்னுட்டா. அதான் ஜெபமாலையோட அவ கைக்குள்ளயே வச்சு விட்டுட்டேன்."

எத்தனையோ கோடி வருஷம் கல்லுக்குள் கிடந்தது, ஒரே ஒரு கோடை வெளிச்சத்தில் இருந்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போயிருக்கிறது.

"அது வேணுமாயிருந்துதா மக்ளே? நான் தப்பு செஞ்சிட்டேனா?"

"இல்ல ஆன்ட்டி. அது அவளோடதுதான். மேடு அவளுக்குன்னு பேசித்தான் பிரிச்சுக்கிட்டோம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பையிலிருந்து என் பாதியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பள்ளத்துக்குள் கட்டைவிரலை வைத்துத் தடவினார்.

"இதுல எதையாவது ஊத்துனா, அவ வச்சிருந்தது வருமா?"

வரும். ஆய்வுக்கூடங்களில் ரப்பர் பால் ஊற்றி, உறைந்ததும் உரித்தெடுப்பார்கள். பெயர்ந்துபோன வாலோரம் மட்டும் வராது என்றேன்.

"ரப்பர் பாலா? அதுக்கு எதுக்கு அலையணும்? எங்க அண்ணன் தோட்டத்துல அதுதானே எடுக்கது. உறையாம மருந்து விட்டு ஒரு பாட்டில் கொண்டாரச் சொல்லுகேன்."

அந்த மாமா அடுத்த வாரம் கன்னியாகுமரி ரயிலில் வருகிறார். பாலில் கொஞ்சம் கறுப்பு மை கலந்து, முதல் பூச்சைக் குமிழி விழாமல் தூரிகையால் இட வேண்டும். காய்ந்ததும் மேலே இன்னும் சில பூச்சு. உரித்தெடுப்பது ஆன்ட்டியின் கை. வாலோரத்துக்காக, இதைப் போல இன்னொன்றைத் தேடி, பனி விலகிப் பாதை திறந்ததும் அதே சரிவுக்குப் போகப் போகிறேன். அதற்குள் உளியையும் சுத்தியலையும் நான் ஒருத்தியே பிடித்துப் பழக வேண்டும்.